கடைசி 110 குடும்பங்கள்: மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட விதம்

2012 செப்டம்பர் 24ஆம் திகதி, இலங்கையின் வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசித் தொகுதி மக்கள் பஸ் ஏறினார்கள். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். ஒரு காலத்தில் 2 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அடைந்து கிடந்த முகாம் அன்றோடு காலியானது. மறுநாள் செய்திகளில் 'முகாம் மூடப்பட்டது' என்று வந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தொகுதிக்குள் கேப்பாப்புலவைச் சேர்ந்த 110 குடும்பங்கள், 346 பேர் இருந்தார்கள். அவர்களை ஏற்றிய வாகனங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்குத்தான் போயின, கேப்பாப்புலவில் இருந்த அவர்களுடைய வளவுகளுக்குப் போகவில்லை. அந்த வளவுகளில் இராணுவம் இருந்தது. மக்களை இறக்கியது அருகே சீனியாமோட்டைப் பக்கத்தில், காடு வெட்டித் துப்புரவாக்கிய அரச காணியில்.

இந்த 110 குடும்பங்களும் கடைசியாக மிஞ்சியது தற்செயல் அல்ல. யார் கடைசியாக மிஞ்சுவார் என்பதை முகாம் நிரம்பியிருந்த 2009இலேயே காணிக் கணக்கைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அப்படிப் பார்க்காமல் மூடும் வேலையைத் தொடங்கியதுதான் கேப்பாப்புலவுச் சிக்கலின் வேர்.

முகாமின் அளவு

மெனிக் பாம் ஒரே முகாம் அல்ல, வலயங்களின் தொகுதி. அருவி ஆற்றை அண்டிய காட்டை வெட்டி ஏறத்தாழ 700 ஹெக்டேயரில் விரிந்தது. வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோர்களின் பெயர்களை வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்களா தெரியாது. முட்கம்பி வேலிக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் 'சோன் 2', 'சோன் 4' என்றுதான் சொன்னார்கள்.

700 ஹெக்டேயரை உச்ச எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு 31 சதுர மீற்றர் வரும். பாதை, மலசலகூடம், பாடசாலை, களஞ்சியம் எல்லாம் அதற்குள் அடக்கம். இடைக்கால முகாமுக்கு உலக அளவில் சொல்லப்படும் அளவு ஆளுக்கு 45 சதுர மீற்றர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்று வைத்தால் 11,000க்கு மேல் தேவை. 2009 ஆகஸ்ட் நடுவில் பெய்த மழையிலேயே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது, குழிகள் நிரம்பி வழிந்தன. வடக்கின் பெருமழைக் காலம் ஒக்டோபரில்தான் தொடங்கும். அதற்கு முன் பெய்த மழைக்கே அந்த நிலை.

2009 டிசம்பர் 1 வரை முகாம் பூட்டிய முகாம். அன்றிலிருந்துதான் அனுமதிச் சீட்டு எடுத்து வெளியே போய்வர விட்டார்கள். முகாம் மூடுவதைப் பற்றிப் பேசும்போது இந்தத் திகதி முக்கியம். வெளியே போய்த் தன் வளவைப் பார்த்துவர முடியாதவரிடம் 'ஊருக்குப் போகச் சம்மதமா' என்று கேட்பதில் அர்த்தமில்லை. முகாமை விட எங்கே போனாலும் நல்லது என்ற நிலையில் இருப்பவர் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வைப்பார்.

வெளியேற்றிய வரிசை

2009 மேயில் யுத்தம் முடிந்ததும் வடக்குக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. 180 நாளில் மீள்குடியேற்றம் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. வேலை உண்மையில் வேகம் பிடித்தது 2009 ஒக்டோபரில். முதலில் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, துணுக்காய், மாந்தை கிழக்கு. பிறகு கிளிநொச்சி. கடைசி யுத்தம் நடந்த புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் கடைசியில் வந்தன.

இந்த வரிசையை நிர்ணயித்தது மிதிவெடி. அதில் தவறு சொல்ல முடியாது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் முதலில் விபரம் திரட்டி ஆபத்துள்ள இடங்களை வரைபடத்தில் குறிப்பார்கள். பிறகு அகற்றும் அணி வரும். முடிந்ததும் துப்புரவுச் சான்றிதழ் அரசாங்க அதிபரிடம் போகும். அதன் பிறகுதான் மக்கள். வீட்டு வளவு, பாதை, கிணறு, பாடசாலை முதலில் முடியும். வயலும் காடும் பின்னுக்கு நிற்கும். சான்றிதழ் கிடைத்த கிராமம் என்றால் முழுக் கிராமமும் பாதுகாப்பு என்று மக்கள் நினைப்பது இயல்பு. விறகுக்குப் போகிறவர், பழைய இரும்பு பொறுக்கப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர் வெடி அபாயம் காட்டும் சிவப்புப் பலகைக்கு அப்பால் போவது இதனால்தான். எந்த வளவு முடிந்தது, எந்தக் காணி முடியவில்லை என்று கிராமத்துச் சந்தியில் பெரிய படம் கீறி மாட்டுவது சான்றிதழைக் கோப்பில் வைப்பதைவிடப் பயன் தரும்.

ஆனால் மிதிவெடி வரிசை ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்: நிலத்தில் கால் வைக்கலாமா. அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. முகாமில் இருந்த குடும்பங்களைக் காணி நிலையை வைத்துப் பிரித்தால் மூன்று வகை வரும். வெடி அகன்றால் போய் இருக்கக்கூடிய காணி உள்ளவர்கள். காணி உண்டு, அதில் படை முகாமோ அரச திட்டமோ வேறு குடும்பமோ இருக்கிறது என்பவர்கள். இடம்பெயர முன்னரும் காணி இல்லாதவர்கள்: வாடகைக்கு, உறவினர் வளவில், பெர்மிட் (அனுமதிப்பத்திரம்) இல்லாத அரச காணியில் இருந்தவர்கள். முதல் வகைக்கு வேண்டியது வெடி அகற்றும் அணி. இரண்டாம் வகைக்கு வேண்டியது பாதுகாப்பு அமைச்சின் ஒரு முடிவு. மூன்றாம் வகைக்கு வேண்டியது காணிக் கச்சேரி, அதாவது அரச காணியை யாருக்குக் கொடுப்பது என்று உத்தியோகத்தர்கள் தெரிவு செய்யும் விசாரணை. மூன்றுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆட்கள். ஒருவருக்காகக் காத்திருப்பதால் மற்றவருடைய வேலை நகராது.

மெனிக் பாமில் நடந்தது என்னவென்றால், முதல் வகை மளமளவென்று போனது. எண்ணிக்கை விழுந்தது, பாராட்டு கிடைத்தது. காலியான வலயங்களை மூடி, மிஞ்சியவர்களை இன்னொரு வலயத்துக்கு மாற்றினார்கள். இரண்டாம், மூன்றாம் வகைக்காரர் ஒவ்வொரு முறையும் தறப்பாளைச் சுருட்டி, தகரத்தைக் கழற்றி, அடுத்த வலயத்தில் மறுபடி நட்டார்கள். முகாமுக்குள்ளேயே இடம்பெயர்வு. வலயம் சுருங்கச் சுருங்க வைத்தியர் வரும் நாளும் பவுசர் (தண்ணீர்த் தாங்கி வண்டி) வரும் தடவையும் குறைவது எந்த முகாமிலும் நடப்பது. நிர்வாகத்துக்கு அது சிக்கனம், உள்ளே இருப்பவருக்கு அது 'போ' என்ற சொல். ஆள் குறையும்போது தண்ணீர் அளவை ஆள்கணக்கில் கட்டி வைக்க வேண்டும், பவுசர் கணக்கில் அல்ல.

கையில் கொடுத்தது

திரும்பிய குடும்பத்துக்கு அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகரகம் கொடுத்த கொட்டகை உதவி 25,000 ரூபாய். உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு ஆறு மாதத்துக்கு. அதோடு தறப்பாள், தகரம், பாய், சமையல் பாத்திரம், மண்வெட்டி போன்றவை. 25,000 ரூபாயில் எழும்புவது ஒரு கொட்டில். வீட்டுக்கு வேறு கணக்கு. 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம், திருத்த வேலைக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம். வேலை ஏற ஏறத் தவணையாக வங்கிக் கணக்கில் விழும். காணி உரித்து காட்ட முடியாதவர் வரிசையில் பின்னுக்குப் போவார். இந்த இடத்தில்தான் இரண்டாம், மூன்றாம் வகையினர் மறுபடி அடிபடுவது.

உணவைப் பற்றி ஒரு கணக்கு. ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் தானியம் என்று வைத்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதத்தில் 288 கிலோ. இந்த ஆறு மாதத்தை எந்த மாதத்தில் தொடங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வன்னியில் காலபோகம் ஒக்டோபர், நவம்பரில் விதைத்துப் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுவது. ஓகஸ்டில் வளவுக்குப் போனவர் வயலைத் துப்புரவாக்கி விதைத்தால், நிவாரணம் முடியும்போது நெல் வீட்டுக்கு வரும். ஜனவரியில் போனவருக்கு ஜூலையோடு நிவாரணம் நிற்கும், அறுவடைக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஏழெட்டு மாதம் கூலி வேலை, கடன், நகை அடகு. திரும்பும் மாதத்தைப் பார்த்து நிவாரணக் காலத்தை நீட்டவோ குறைக்கவோ முடிந்தால் அதே அரிசியில் இரட்டிப்புப் பயன் வரும்.

கிணறும் அப்படித்தான். மூன்று வருடம் ஆள் இல்லாத கிணற்றுக்குள் என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் வெடிபொருள் பார்ப்பவர் பார்க்க வேண்டும். வாளி போடுவது அதற்குப் பிறகு. பின்னர் தண்ணீர் பம்பியால் முழுதும் இறைத்து, அடியில் உள்ள சேறும் குப்பையும் அள்ளி, கட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊற விட வேண்டும். ஊறியதும் குளோரின். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் கிணற்றில் ஏறத்தாழ 14,000 லீற்றர். 100 லீற்றருக்கு 0.2 வீதக் குளோரின் கரைசல் ஒரு லீற்றர் என்ற கணக்கில் 140 லீற்றர் கரைசல் வேண்டும். 70 வீதக் குளோரின் உள்ள தூள் என்றால் 400 கிராம். சாதாரண வெளிற்றும் தூள், 30 வீதம் உள்ளது, என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரவு விட்டு, காலையில் மணம் போகும்வரை இறைத்து ஊற்ற வேண்டும். நடைமுறையில் பிழைப்பது தூளில்தான். களஞ்சியத்தில் திறந்த பையில் மாதக் கணக்கில் கிடந்த தூளில் பாதி வீரியம்கூட இராது. அதே 400 கிராம் போட்டுவிட்டுக் 'கிணறு துப்புரவு' என்று பதிந்தால், முதல் மழையோடு வயிற்றோட்டம் வரும். முதல் தொகுதி மக்கள் வருவதற்கு முன் பத்துக் குடும்பத்துக்கு ஒரு கிணறாவது இப்படித் தயாராக இருந்தால் பவுசரை நம்பி இருக்கத் தேவையில்லை.

காணிக் கடதாசி

கேட்டால் எல்லோரும் 'என்ர காணி' என்பார்கள். கடதாசியில் அது பல வகை. உறுதிக் காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி ஒன்று. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி இன்னொன்று, வன்னியில் ஏராளம். கிராமத்தார் அறிய இரண்டு தலைமுறை ஆண்டு வந்த, கடதாசியே இல்லாத காணி மூன்றாவது. உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பெர்மிட் தொலைந்தால் பிரதேச செயலகத்தின் பேரேட்டைப் பார்க்க வேண்டும், அந்தப் பேரேடு யுத்தத்தில் தப்பியிருந்தால்.

பெர்மிட்காரர் இறந்து, பின்னுரித்தாளியை (தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை) நியமிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சட்டத்தின் பழைய அட்டவணை மகனை மகளுக்கு முன் வைத்தது. கணவர் காணாமற்போன பெண்ணின் நிலை இன்னும் மோசம். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. எடுக்காவிட்டால் பெயர் மாற்ற முடியாது. காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழுக்குச் சட்டம் வந்தது 2016இல். மெனிக் பாம் மூடி நாலு வருடத்துக்குப் பிறகு.

அதே 2016இல் இன்னொரு சட்டமும் வந்தது, ஆட்சியுரிமை பற்றியது. ஒருவர் பத்து வருடம் தடையின்றி இன்னொருவர் காணியில் இருந்தால் உரிமை கோரலாம் என்பது பொது விதி. யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது இந்தச் சட்டம். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடம் ஓடி முடிந்ததைப் பலர் அறியவே இல்லை. முகாமில் பதிவு எடுக்கும்போதே காணி வகை, கடதாசி நிலை, பெயர் யாரில், அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற நாலு கேள்வியைச் சேர்த்திருந்தால் சட்ட உதவிக்காரர்கள் யாரைத் தேடிப் போவது என்று தெரிந்திருக்கும். பதிவுப் படிவத்தில் நாலு வரி, அவ்வளவுதான்.

செப்டம்பர் 2012

கேப்பாப்புலவு நந்திக்கடலோரக் கிராமம். வயல், தோட்டம், தென்னை, மாடு, களப்பில் மீன், இறால். கேப்பாப்புலவு, சூரிபுரம், சீனியாமோட்டை, பிலக்குடியிருப்பு என்று அடுத்தடுத்த குடியிருப்புகள். யுத்தம் முடிந்த பின் முல்லைத்தீவுக்கான இராணுவத் தலைமையகம் அங்கே எழுந்தது. பிலக்குடியிருப்பில் விமானப்படை.

முகாமை மூடும் நாள் நெருங்கியபோது இந்த மக்களின் காணி பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. 'உங்கள் காணியை அரசு எடுத்துவிட்டது' என்றும் இல்லை, 'இந்தத் திகதியில் திரும்பத் தருவோம்' என்றும் இல்லை. ஐ.நா.வின் இலங்கை வதிவிட ஒருங்கிணைப்பாளர் அப்போது விட்ட அறிக்கையும் இதைத்தான் சுட்டியது: இவர்கள் தங்கள் வீடுகளுக்குப் போக முடியாமல் அரச காணிக்கு மாற்றப்படுகிறார்கள், சொந்தக் காணிக்கு என்ன நடக்கிறது, திரும்ப முடியாவிட்டால் நட்டஈடு என்ன என்பதற்கு முறையான பதிலை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று.

எழுத்து ஏன் அவ்வளவு முக்கியம்? 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. 2ஆம் பிரிவு அறிவித்தல் காணி தேவைப்படலாம் என்று சொல்லும். 4ஆம் பிரிவில் ஆட்சேபம் எழுதலாம். 5ஆம் பிரிவுப் பிரகடனம் முடிவைச் சொல்லும். 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கோரிக்கை. 38ஆம் பிரிவில் உடைமை எடுப்பு. அவசரம் என்றால் 38இன் அ காப்புரையை (விதிவிலக்கை) காட்டிப் பிந்திய படியை முன்னுக்கே கொண்டு வரலாம். இதில் எந்தப் படியில் கடதாசி வந்தாலும் மக்களுக்கு நீதிமன்றக் கதவு ஒன்று திறக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டியபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது அதனால்தான். கடதாசியே இல்லாவிட்டால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? முகாம் இருக்கும்வரை 'எங்கட காணி எங்கே' என்று கேட்க ஒரு முகவரியாவது இருந்தது. பஸ் புறப்பட்டதும் அந்த முகவரியும் போயிற்று.

இறக்கிய காலமும் பிழை. செப்டம்பர் கடைசி. இன்னும் சில வாரத்தில் வடகீழ்ப் பருவமழை. புதிதாக வெட்டிய காட்டு நிலத்தில் நிழலுக்கு மரம் இல்லை, வடிகால் இல்லை, கிணறு இல்லை. விதைக்கும் காலம் வந்துவிட்டது, விதைக்க வயல் இல்லை. களப்புக்குப் போகும் பழைய பாதை படை முகாமுக்குள். நிவாரணம் ஆறு மாதம் வந்தாலும் மார்ச்சோடு முடியும். வெட்டுவதற்கு நெல் இராது. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு இருந்திருந்தால், அது ஜூலையாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெப்ரவரிக்குத் தள்ளியிருக்க வேண்டும். பருவத்தைப் பார்க்காத கெடு நிர்வாகத்தின் கெடு.

அட்டவணையில் என்ன நடந்தது

முகாம் கணக்கில் இரண்டு நிரல்கள்: 'முகாமில் இருப்போர்', 'மீள்குடியேறியோர்'. ஒருவர் வாசலைத் தாண்டினால் முதல் நிரலில் கழிந்து இரண்டாவதில் கூடுவார். இடையில் மூன்றாவது நிரல் கிடையாது. கேப்பாப்புலவு மக்கள் 'மீள்' குடியேறவில்லை, வேறிடத்தில் குடியேற்றப்பட்டார்கள். உறவினர் வீடுகளுக்குப் போனவர்களும் அப்படியே. ஆனால் நிரல் இரண்டுதான் இருந்ததால் எல்லோரும் 'மீள்குடியேறியோர்' ஆனார்கள்.

இதில் பழையவர், புதியவர் என்ற பிரிப்பும் சேர்ந்துகொண்டது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் 'பழைய', பின் இடம்பெயர்ந்தவர் 'புதிய'. உதவித் திட்டங்கள் பலவும் புதியவர்களை முதலில் பார்த்தன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கிடந்த முஸ்லிம்களும், அதே ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பியவர்களும் 'பழைய' கணக்கில் பின்னுக்குப் போனார்கள். இருபது வருடம் காத்திருந்தவன் பின்வரிசை, மூன்று வருடம் காத்திருந்தவன் முன்வரிசை. இருவரையும் ஒருவரோடொருவர் மோத விட்டதைத் தவிர அந்தத் திகதியால் வந்த பயன் குறைவு.

காணி முதலில், முகாம் பிறகு: சம்பூர்

மறுபக்கமாக நடந்த ஒன்று திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். 2006 ஏப்ரலில் கிளம்பிய மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தார்கள். ஊர் முதலில் உயர் பாதுகாப்பு வலயம், பிறகு முதலீட்டு வலயம். மாற்றுக் காணி எடுங்கள் என்று பல தடவை நெருக்கினார்கள். ஒரு பகுதியினர் ஒத்துக்கொள்ளாமல் முகாமிலேயே இருந்துவிட்டார்கள். உலர் உணவு நின்ற பின்னும் இருந்தார்கள்.

2015 மேயில் முதலீட்டு வலயமாக்கிய வர்த்தமானியை ஜனாதிபதி ரத்துச் செய்தார், 818 ஏக்கர் விடுபட்டது. கடற்படை முகாம் வேறிடத்துக்கு நகர்ந்து, 2016 மார்ச்சில் 177 ஏக்கர் கையளிக்கப்பட்டது. அதன் பிறகு முகாமை யாரும் 'மூட' வேண்டியிருக்கவில்லை. காணி விட்ட செய்தி வந்ததுமே ஆண்கள் கத்தியோடு பற்றை வெட்டப் போனார்கள், கிடுகு கட்டினார்கள், பிள்ளைகளின் பாடசாலை ஒழுங்கானதும் குடும்பம் போனது. கட்டாயமில்லாமல் முகாம் காலியாவது இப்படித்தான் இருக்கும்: முதலில் ஒருவர் போவார், இரவு முகாமுக்குத் திரும்புவார், பிறகு இரண்டு பேர் தங்குவார்கள், கடைசியாகக் கிழவியும் பிள்ளைகளும் சட்டிபானையும். இந்த இரட்டைக் குடித்தனத்துக்கு இரண்டு மூன்று மாதம் இடம் விட வேண்டும். ஒரே நாளில் எல்லோரையும் ஏற்றி, மாலையில் கொட்டில்களை இடித்தால் அந்த வழி அடைபடும்.

காணியில்லாதவர்: வலிகாமம் வடக்கு

கோணப்புலம், சபாபதிப்பிள்ளை, கண்ணகி போன்ற யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களில் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பியவர்கள் இருந்தார்கள். 2015 டிசம்பரில் ஜனாதிபதி கோணப்புலம் முகாமுக்குப் போய் ஆறு மாதத்தில் தீர்வு என்றார். காணி விடவும் விட்டார்கள், துண்டு துண்டாக. முகாம்கள் முழுதும் காலியாகவில்லை. அதற்குக் காரணம் பாதி விடாத காணி, பாதி கணக்கு.

1990இல் பத்துப் பரப்பு (யாழ்ப்பாணத்து நில அளவு) காணியோடு கிளம்பிய ஒரு குடும்பம் 2016இல் நாலு குடும்பம். பிரதேச செயலகம் இவற்றை 'உப குடும்பம்' என்று எழுதும். காணி ஒன்றுதான். அதுவும் சீதனமாக மூத்த மகளுக்குப் போயிருக்கலாம். அப்பாவின் காணி விடுபட்டது என்று மற்ற மூன்று குடும்பத்தையும் பட்டியலிலிருந்து எடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? முகாமில் வேரூன்றிய ஏழைகளில் பலர் இடம்பெயர முன்னரே கூலிக்காரர், ஒரு பரப்புக் காணிகூட இல்லாதவர்கள். சாதியும் இதற்குள் இருக்கிறது, அறிக்கைகள் அதை எழுதுவது குறைவு. ஊரில் காணி விற்பவர் யாருக்கு விற்பார், யாருக்கு விற்கமாட்டார் என்பது காணிக் கச்சேரி நடத்துகிற உத்தியோகத்தருக்கு நன்றாகத் தெரியும். 2016 ஒக்டோபர் 31 அன்று கீரிமலையில் கையளிக்கப்பட்ட நல்லிணக்கபுரத்தின் 100 வீடுகள் இந்த வகையினருக்கானவை. முகாம்களின் கணக்கில் அது ஒரு பகுதிதான்.

முகாம் பட்டியலைக் குடும்ப அட்டை வாரியாக எடுக்காமல், இன்று தனி அடுப்பு எரிக்கும் வீடு வாரியாக எடுத்தால் காணியில்லாதவர் எத்தனை என்பது முதல் வாரத்திலேயே தெரியும். அடுப்பை எண்ணுங்கள் என்பது பழைய உத்தியோகத்தர்கள் சொல்கிற வழி. அது சரியான வழி.

போய்ப் பார்த்து வருதல்

சம்மதம் எடுப்பதில் பலன் தருவது இந்த ஒன்றுதான், ஒப்புக்குச் செய்யப்படுவதும் இதுதான். கிராமத்துக்கு ஒரு பஸ், காலையில் போய் மாலையில் வருவது. ஏறுபவர்களில் பாதியாவது பெண்களாக இருக்க வேண்டும். ஆண்கள் வயலையும் குளக்கட்டையும் பார்ப்பார்கள். கிணறு எவ்வளவு தூரம், இரவில் ஒதுங்க இடம் எங்கே, படை முகாம் வாசல் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதையில் இருக்கிறதா என்பதைப் பெண்கள்தான் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் தன் வளவில் கால் வைக்க வேண்டும், சந்தியில் இறக்கி 'அதோ தெரிகிறது' என்று காட்டினால் போதாது. கூட்டிப்போகிறவர் படைச் சீருடையில் இருக்கக்கூடாது. திரும்பி வந்து குறைந்தது ஏழு நாளாவது விட்டு, குடும்பம் குடும்பமாக, தனியே கேட்க வேண்டும். கேட்பதும் 'போகிறீர்களா' என்றல்ல. போவது, இருப்பது, வேறிடம் என்ற மூன்றையும் படிவத்தில் வைத்து எதை என்று கேட்க வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். மாற்றுக் காணிக்குப் போகிறவர் என்றால், 'இதை ஏற்பதால் என் பழைய காணி மீதான உரிமையை விடவில்லை' என்ற ஒரு வரி அதில் அச்சாகியிருக்க வேண்டும்.

2017

2017 ஜனவரி 31 அன்று பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வாசலில் இருந்தார்கள். காணி அளந்து காட்டுவதாகச் சொன்ன உத்தியோகத்தர்கள் வரவில்லை, அதனால் எழும்பாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஒரு மாதம். மார்ச் 1இல் காணி விட்டார்கள். அதே நாளில் கேப்பாப்புலவு மக்கள் இராணுவத் தலைமையக வாசலில் தொடங்கினார்கள். கோரியது 138 குடும்பங்களின் 482 ஏக்கர், குடும்பத்துக்குச் சராசரி மூன்றரை ஏக்கர். 2012இல் இறக்கிய அரச காணியில் எழுந்த மாதிரிக் கிராமத்தில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது கால் ஏக்கர் அளவிலான துண்டு. மீள்குடியேற்ற அமைச்சு இராணுவத்துக்குப் பணம் கொடுத்து, இராணுவம் கொட்டகைகளை நகர்த்தி, காணி துண்டு துண்டாக வந்தது. 2017 டிசம்பர் 28இல் வந்தது 133 ஏக்கர். மிச்சக் காணிக்கான போராட்டம் வருடக் கணக்கில் நீண்டது.

விடுபட்ட காணியில் வேலியும் எல்லைக்கல்லும் கிடையாது. புல்டோசர் ஏறிய இடத்தில் எந்த வளவு எங்கே முடிகிறது என்பதைப் பழைய கிணற்றை வைத்து, தப்பிய புளியமரத்தை வைத்து, அயலவர் வாய்ச்சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கிணற்றையும் மூடியிருந்தால் நில அளவையாளர் பழைய வரைபடத்தோடு வரும்வரை ஒருவரும் கொட்டில் போடக்கூடாது. போட்டால் அடுத்த பத்து வருட வழக்கு அங்கேயே தொடங்கும்.

கொட்டில் போட்ட பின் வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டுத் திட்டம் என்பது விதி. பிரதேச செயலக அட்டவணையில் இந்தக் குடும்பங்களுக்கு நேரே 2012இலேயே 'மீள்குடியேறியவர்' என்று விழுந்துவிட்டது, மாதிரிக் கிராமத்தில் வீடு பெற்றவர் என்று இன்னொரு குறியும் சேர்ந்துவிட்டது. சொந்த வளவுக்கு உண்மையில் திரும்பிய வருடத்தில் அவர்களுக்கு எழுத அந்த அட்டவணையில் நிரல் இல்லை. புதிய விண்ணப்பத்தை எந்தத் தலைப்பின் கீழ் எடுப்பது என்று கேட்டுக் கோப்பு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) கொழும்புக்குமாக ஏறி இறங்கும். அதுவரை அவர்கள் பகலில் வளவைத் துப்புரவாக்கிவிட்டு, இரவில் படுக்க மாதிரிக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.